கேள்வி எண் நானூற்று முப்பத்தொன்று

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து கேள்விகள் பெருகிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. அவற்றைக் குறைத்துக் காட்டிய பெருமை, உலகத்திலேயே எங்கள் பகுதித் தொடக்கப் பள்ளி ஒன்றுக்கே உரியது. குறைத்தது மட்டுமல்ல, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது. ஒரே கல்வியாண்டில். அதுவும் பள்ளியிலேயே அதிகமாகக் கேள்வி கேட்கும் பத்துக் குழந்தைகளைப் பொறுக்கி எடுத்து. இந்தச் சாதனையில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 'சிறு' என்பது அவையடக்கம். உண்மையில் முழுப் பங்கும் என்னுடையது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் பதினெட்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன், இப்போது கண்காணிப்பாளர். என் மேசையில் ஒரு தாள் மூன்று வேலை நாட்களுக்கு மேல் தங்கியதில்லை. நான் போன பிரிவுகளிலெல்லாம் நிலுவை என்ற சொல்லே வழக்கொழிந்து போனது. என் திருமணமும் அந்த ஒழுங்கில்தான் நடந்தது. பத்து வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலக லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே நானும் நாற்பது கோப்புகளும். மேலே கதவைக் கையால் பிரித்து, கிரீஸ் அப்பிய ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. "அத்தனை ஃபைலும் படிச்சிட்டீங்களா, இல்ல தூக்கிட்டு மட்டும் போறீங்களா?" என்று கேட்டது. அலுவலகத்தில் அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சில மாதங்கள் கழித்து அதே லிஃப்டின் முன்னால் அவர் வேறொரு கேள்வி கேட்டார். மூன்று வேலை நாட்களுக்குள் பதில் அளித்தேன். அந்தப் பதில் இன்றுவரை திருத்தப்படவில்லை.

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கும் எனக்கும் பிறந்தவளுக்கு இப்போது எட்டு வயது. பேச வந்த நாளிலிருந்தே கேள்விதான். அவர் அவளைக் 'குடைச்சல்' என்று கூப்பிடுவார். "குடைச்சலு, சாப்பிட வா" என்பார். கேள்வி முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள். "லிஃப்ட் காலியா இருக்கும்போது எந்த மாடியில நிக்கணும்னு அதுக்கு யாருப்பா சொல்றது?" சாப்பாடு ஆறும். "நல்லா கேட்ட. எனக்கே சரியா தெரியல. வா, பாத்துட்டு வருவோம்" என்று இருவரும் எழுந்து போய்விடுவார்கள். எங்கள் குடியிருப்பில் மொத்தம் ஆறு மாடி. ஆறையும் பார்த்துவிட்டு வருவதற்குள் குழம்பின் மேல் ஆடை படர்ந்துவிடும். ஒரு நிர்வாகியின் மனம் இதைக் கண்டு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

ஆகவே பள்ளியில் 'மீத்திறன் மாணவர் வளமூட்டல் திட்டம்' அறிவிக்கப்பட்டபோது முதல் ஆளாக விண்ணப்பம் வாங்கியது நான்தான். தேர்வு மூன்று பக்கம். கடைசியில் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக ஒரு பக்கம் காலியாக விடப்பட்டிருந்தது. என் மகள் விடைகளைச் சுமாராக எழுதிவிட்டு, அந்தக் காலிப் பக்கத்தை வினாத்தாளைப் பற்றிய கேள்விகளால் நிரப்பியிருந்தாள். நான்காம் கணக்கில் வரும் ரயில் ஏன் ஒரு ஸ்டேஷனிலும் நிற்கவில்லை? அதில் இருப்பவர்கள் இறங்க வேண்டாமா? தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு, "அபாரமான ஆர்வம். இவங்களுக்காகத்தான் இந்தத் திட்டமே" என்றார். இப்படியாகக் கேள்வி கேட்டதற்காகவே என் மகள் சேர்த்துக்கொள்ளப்பட்டாள். இது பதிவில் உள்ளது. பின்னால் தேவைப்படும்.

திட்டத்துக்கென்று ஓர் அறை ஒதுக்கப்பட்டது. முந்தைய வருடம் வரை அது விளையாட்டுச் சாமான் அறை. பந்துகளை வெளியேற்றி, 'வளமூட்டல் அறை' என்று பலகை மாட்டினார்கள். ரப்பர் வாசனை மட்டும் பணியில் தொடர்ந்தது. சுவரில் ஒரு வட்டக் கடிகாரம், நான்கு பத்தில் நின்றபடி. ஒருங்கிணைப்பாளராக உடற்பயிற்சி ஆசிரியர் நியமிக்கப்பட்டார். அவருடைய தகுதி, சனிக்கிழமை மதியம் அவருக்கு வேறு வேலை இல்லாதது. அந்த அறையின் சாவியும் அவரிடம்தான் இருந்தது. எல்லோரும் அவரை பி.டி. சார் என்பார்கள். கழுத்தில் விசில் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை.

முதல் மாத முடிவில் பெற்றோர் கூட்டம். பி.டி. சார் கைப்பந்து போட்டு வைக்கும் வலைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் கவிழ்த்தார். துண்டுத் தாள்கள். இருநூற்றுப் பன்னிரண்டு.

"எல்லாம் கேள்விங்க மேடம். ஒரு மாசத்துல கேட்டது. நான் ஓடச் சொல்லுவேன், நிக்கச் சொல்லுவேன். இதுக்கெல்லாம் எனக்கு ட்ரெயினிங் இல்ல" என்றார். உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துப் படித்தார். "மூணாவது தடவை பல்லு ஏன் முளைக்கிறதில்ல?"

அதைக் கேட்டவன் பல் டாக்டரம்மாவின் மகன். கூட்டம் மொத்தமும் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் மிகவும் முக்கியமான ஒன்றைத் தேடுவதுபோல் கைப்பையைத் திறந்தார். கூட்டம் முடியும்வரை அது கிடைக்கவில்லை.

குழந்தைகள் ஆளுக்கு இருபது கேள்வி வைத்திருக்கிறார்கள், பெரியவர்களிடம் பதில் இல்லை, இது நீடித்தால் திட்டத்தின் மானம் என்ன ஆவது என்று தலைமையாசிரியை கவலைப்பட்டார். அப்போது நான் எழுந்தேன்.

"கேள்வி கேக்கறது தப்பே இல்ல மேடம். ஆனா கேட்ட கேள்விக்கு ஒரு நம்பர் வேணும்" என்றேன்.

தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார். சில வரலாற்றுத் தருணங்கள் அவை நடக்கும்போதே தெரிந்துவிடும்.

அடுத்த சனிக்கிழமைக்குள் 'வினாப் பதிவேடு' தயார். வரிசை எண், தேதி, கேட்டவர், பொருள், எடுத்த நடவடிக்கை, முடித்து வைத்தவர் கையெழுத்து. கேள்வி இனி வாயால் கேட்கப்படாது. படிவத்தில், இரண்டு பிரதிகளில், புதன்கிழமைக்குள். படிவத்தில் 'கேள்வி எழக் காரணம்', 'கேட்காமல் சமாளிக்க எடுத்துக்கொண்ட முயற்சிகள்' என்று இரண்டு கட்டங்கள். கீழே பெற்றோர் ஒப்பம். முடித்து வைக்க மூன்று வழிகள் வகுத்துக் கொடுத்தேன். ஒன்று, பதில் அளிப்பது. இரண்டு, 'உயர் வகுப்பில் கற்பிக்கப்படும்' என்று எழுதி அனுப்பிவிடுவது. மூன்றாவது என் சொந்தக் கண்டுபிடிப்பு: ஒரே இனத்தைச் சேர்ந்த கேள்விகளை இணைத்துவிடுவது. வானம் ஏன் நீலம், ரத்தம் ஏன் சிவப்பு, நம் யூனிஃபார்ம் ஏன் பழுப்பு என்ற மூன்றையும் 'நிறங்கள் தொடர்பானவை' என்று ஒரே கோப்பாகக் கட்டி, 'இயற்கை' என்று ஒரே பதிலில் முடித்தோம். என்னைக் கௌரவச் செயலாளர் ஆக்கினார்கள்.

வளமூட்டலும் இடையறாது நடந்தது. அதை விட்டுவிட்டால் நான் நன்றி கெட்டவளாவேன். வானியல் அறிமுகத்துக்கு ஒரு தொலைநோக்கி வரவழைக்கப்பட்டது. பள்ளி நான்கு மணிக்கு முடிவதால் நட்சத்திரங்களை மதியம் இரண்டரைக்குப் பார்க்க ஏற்பாடு. பத்துப் பேரும் வரிசையில் நின்று எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். 'மிக நெருக்கமாகத் தெரிந்தது' என்று அறிக்கையில் எழுதினோம். தலைமைப் பண்புப் பயிற்சியில் பத்துப் பேரும் தலைவர்களாக்கப்பட்டார்கள். பின்தொடர ஆள் இல்லாததால் முதல் வகுப்பிலிருந்து இருபது பேரை இரவல் வாங்கி, கை கழுவும் இடம் வரை தலைமை தாங்கி அழைத்துப் போனார்கள். படைப்பாற்றலுக்கு இரண்டு பத்து முதல் இரண்டு நாற்பது வரை நேரம். விசில் அடித்ததும் படைக்க வேண்டும், மறுபடி அடித்ததும் நிறுத்த வேண்டும். ரோபோ பெட்டியில் அறுபத்து நான்கு பாகங்கள் வந்தன. குழந்தைகள் அவற்றைப் பூட்டி, கை தட்டினால் வெட்கப்பட்டதுபோல் பின்னால் நகரும் ஒன்றைச் செய்துவிட்டார்கள். அட்டைப்படத்தில் இருந்தது முன்னால் போவது. எனவே கண்காட்சிக்கு முன் அதைப் பிரித்து, பெற்றோர்களே சரியாகப் பூட்டிக் கொடுத்தோம்.

பலன் கைமேல் கிடைத்தது. முதல் மாதம் இருநூற்றுப் பன்னிரண்டாக இருந்த கேள்விகள் இரண்டாம் மாதம் நூற்றுப் பதினெட்டு. பிறகு ஐம்பத்தேழு. பிறகு இருபத்தெட்டு, பதினொன்று, நான்கு. தலைமையாசிரியை அறையில் வரைபடம் மாட்டப்பட்டது. கீழ்நோக்கி இறங்கும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்த ஒரு புதுப் பெற்றோர், எந்த நோயை ஒழித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தாராம்.

ஏழாம் மாதம் வந்தது ஒரே ஒரு கேள்வி. எண் நானூற்று முப்பத்தொன்று. கேட்டவள் என் மகள்.

நடந்ததை பி.டி. சார் சொல்லித்தான் அறிந்தேன். ஏதோ ஒரு புதிர்த்தாளை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு அவள் சுவரையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"சார், இந்தக் கடிகாரம் எப்ப நின்னுச்சு?"

"நாலு பத்துக்கு. முள்ளப் பாத்தாலே தெரியுதே."

"எந்த நாலு பத்துக்கு?"

பி.டி. சாரின் கை தானாக விசிலுக்குப் போயிற்று. பிறகு நிதானத்துக்கு வந்து, படிவம் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். 'கேள்வி எழக் காரணம்' என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தாள்: அது நின்னப்ப இந்த ரூம்ல யாராவது இருந்திருப்பாங்க. அவங்களுக்குத் தெரியாம நின்னிருக்கும். அதான்.

சமையலறை மேசையில் வைத்து ஒப்பமிட்டேன். அவளுடைய அப்பா என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார். "ரொம்ப நாள் கழிச்சு குடைச்சலு வேலைய ஆரம்பிச்சிட்டா" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன், கதவு திறக்கும்போது.

அதன்பிறகு தகப்பனும் மகளும் செய்தது முழுக்க முழுக்க விதிமீறல். அவர் தம்முடைய டார்ச்சை அவளுக்குக் கொடுத்தார். "லிஃப்ட் நின்னுபோச்சுன்னா நாங்க முதல்ல எதத் தொடுவோம் தெரியுமா? எதையுமே தொட மாட்டோம். சுத்தி என்ன இருக்குன்னு பாப்போம்" என்று உபதேசம் வேறு. அவள் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொண்டாள். கடிகாரத்தின் விளிம்பில் ஒரு சொட்டு பெயின்ட், சுவரின் அதே பச்சை. சுவருக்குப் பெயின்ட் அடித்தது முந்தைய வருட நீண்ட விடுமுறையில். அப்போது கடிகாரம் ஓடியதா? ஓடியது, பெயின்ட் அடிப்பவர்கள் கிளம்பியதும் அந்தக் கடிகாரத்தில் ஐந்து பார்த்துத்தான் பள்ளி ஆயாம்மா அறையைப் பூட்டுவார். பள்ளி நடைக்கூடத்தில் மாட்டியிருக்கும் புகைப்படங்களில் அந்த அறையில் எடுத்தவை இரண்டு. போன கல்வியாண்டின் மூன்றாம் மாதம் எடுத்த விளையாட்டுக் கோப்பைப் படத்தில் கடிகாரம் பதினொன்று இருபத்தைந்து. ஐந்தாம் மாதம் காலையில் எடுத்த படத்தில் நான்கு பத்து. ஆக அந்த இரண்டு மாதத்துக்குள். நோட்டில் இதற்கு அடியில் இரட்டைக் கோடு.

பிறகு ஆயாம்மாவிடம் மறு விசாரணை. ஆயாம்மாவுக்குத் தேதி எதுவும் நினைவில்லை. ஆனால் ஒன்று நினைவிருந்தது. "அந்தக் கடியாரத்த நம்பித்தான் பாப்பா ஒருநாள் பஸ்ஸ விட்டேன். நாலு பத்துதானேன்னு நிதானமா பெருக்கிட்டு வெளிய வந்தா, பஸ் போயே போச்சு. நல்ல மழை வேற. நனைஞ்சுக்கிட்டே நடந்தேன்."

மழை. ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் மாடியில் ஒரு மழைமானி வைத்து, மழை பெய்த நாட்களை ஒரு நோட்டில் குறித்து வருகிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் மழை பெய்த நாட்கள் எத்தனை இருந்துவிடப் போகின்றன? ஐந்தாம் வகுப்பு ஆசிரியை போன வருட நோட்டைத் தேடி எடுத்து வைப்பதாகவும், சனிக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுவதும் என் மகள் சாப்பிடும்போதுகூடத் தன் நாற்பது பக்க நோட்டை மடியில் வைத்திருந்தாள். அவளும் அவரும் பேசுவது எனக்குக் கேட்கக் கூடாது என்று கிசுகிசுத்தார்கள். எங்கள் வீட்டில் நான்தானே செயலாளர்.

இதற்கிடையில் பள்ளிக்கு ஒரு செய்தி வந்தது. கல்வி அலுவலர் ஆண்டிறுதி ஆய்வுக்கு வருகிறார். எங்கள் சிவப்புக் கோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, 'நிலுவையற்ற சிந்தனைக்கான சுழற்கேடயம்' ஒன்றையும் கொண்டுவருகிறார். ஒரே நிபந்தனை: பதிவேட்டில் நிலுவை பூஜ்யமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் வளமூட்டல் அறையிலேயே அவசரக் கூட்டம். மேசையில் பதிவேடு. நானூற்று முப்பது வரிசைகளில் கையெழுத்து. ஒன்றில் மட்டும் வெள்ளை.

ஏதாவது ஒரு தேதியை எழுதிவிட்டால் என்ன என்று பல் டாக்டரம்மா கேட்டார். அதற்குத் தலைமையாசிரியை சொன்ன பதில் எங்கள் பள்ளியின் தரத்துக்குச் சான்று: "பொய் மட்டும் எழுதக் கூடாதுங்க. இது கல்விக்கூடம்." உயர் வகுப்புக்கு அனுப்பலாம் என்றால், எந்த வகுப்புப் பாடத்திலும் இந்தக் கடிகாரம் இல்லை. வேறு கேள்வியோடு இணைக்கலாம் என்றால், இதற்கு இனமே இல்லை.

பி.டி. சார் தயங்கித் தயங்கி, "பாப்பா நாளைக்கே கண்டுபிடிச்சிரும் போல மேடம். இன்னும் ஒரே ஒரு நோட்டு பாக்கணுமாம். நானே ரெண்டு நாளா அதையேதான் யோசிச்சிட்டு இருக்கேன்" என்றார்.

"ஆய்வு திங்கக்கிழமை சார். நாளைக்குத் தெரியலன்னா? இல்ல, தெரிஞ்சு அதுலேருந்து இன்னொரு கேள்வி வந்தா?" என்றேன்.

இன்னொரு கேள்வி என்ற அபாயத்தை அதுவரை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

முந்தைய நாள் சாப்பிடும்போது வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. மகள் கை கழுவப் போயிருந்த நேரம் அவர் தணிந்த குரலில் சொன்னார். "ஒரே ஒரு கேள்வி நிலுவைல இருந்தா ஒலகம் முழுகிடுமா? குடைச்சலு கேக்கறது பதிலுக்காக இல்லம்மா. தேடறதுக்காக." நல்ல மனிதர். ஆனால் நிர்வாகம் தெரியாதவர். லிஃப்ட் நின்றால் ஏன் நின்றது என்று அரைநாள் பார்த்துக்கொண்டிருப்பார். ஏறியவர் இறங்கினால் போதாதா?

தீர்வு எனக்குக் கூட்டத்தில்தான் தோன்றியது. சுவரைப் பார்த்தேன். இவ்வளவு எளிதான ஒன்று எப்படி இவ்வளவு பேர் கண்ணிலும் படாமல் போனது என்று வியந்தேன்.

"அந்தக் கடிகாரத்தக் கழட்டிடுங்க சார்."

பி.டி. சார் என்னைப் பார்த்தார்.

"ஓடாத கடிகாரம் ஸ்கூலுக்கு எதுக்கு? கழிவுப் பொருள் பட்டியல்ல சேத்து அனுப்பிடுங்க. பொருளே இல்லன்னா அதப் பத்தின கேள்வி எப்படி இருக்கும்?"

தலைமையாசிரியை எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். பி.டி. சார் நாற்காலி போட்டு ஏறினார். கழட்டுவதற்கு முன் கைக்குட்டையால் அதன் கண்ணாடியைத் துடைத்தார், ஏனென்று தெரியவில்லை. எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் எழுதினேன்: 'வினாவுக்குரிய பொருள் தற்போது இருப்பில் இல்லாததால் வினா முடித்து வைக்கப்படுகிறது.' தேதியும் நேரமும் குறித்துக் கையெழுத்திட்டேன். பொய் ஒரு சொல் இல்லை.

மறுநாள் அவளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டது நான்தான். டார்ச்சும் நோட்டும் பையில் இருந்தன. வழியெல்லாம் ஓட்டமும் நடையுமாக வந்தாள். அறை வாசலில் நின்றாள். பச்சைச் சுவரில், கடிகாரம் இருந்த இடத்தில், மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று ஒரு வட்டம். ஓர் ஆணி. அவள் வட்டத்தைப் பார்த்தாள், பி.டி. சாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பி.டி. சார் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டியிருந்த நாடாவை.

எங்கே போயிற்று என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அதற்கான படிவம்கூடக் கைப்பையில் தயாராக இருந்தது. அவள் கேட்கவில்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்து, அன்றைய புதிர்த்தாளை எடுத்து, விசில் அடித்ததும் செய்யத் தொடங்கினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"இதையும் முடிச்சிடுங்கம்மா" என்றாள்.

முறைப்படி பெற்றுக்கொண்டு கோப்பில் சேர்த்தேன். பாதுகாக்க வேண்டிய காலம்: ஓராண்டு.

திங்கட்கிழமை விழா பிரமாதம். கல்வி அலுவலர் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நானூற்று முப்பத்தொரு கேள்விகள், நானூற்று முப்பத்தொரு முடிவுகள். தம் பணிக்காலத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றார். பிறகு மேடையில் வரிசையாக நின்ற பத்துப் பேரையும் பார்த்து, "குழந்தைகளே, உங்க யாருக்காவது என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

யாருக்கும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பல் டாக்டரம்மாவின் மகன் வாயைத் திறந்தான்; பதறிப் போனோம்; கொட்டாவிதான். அந்த மௌனம் அரை நிமிடம் நீடித்தது. பிறகு அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. அடுத்த ஆண்டு முதல் எல்லாப் பள்ளிகளிலும் இந்த முறையைக் கொண்டுவரப் போவதாகவும், படிவங்களை நான்தான் வடிவமைத்துத் தர வேண்டுமென்றும் அலுவலர் அறிவித்தார். கேடயம் என் கையில் தரப்பட்டது. நல்ல கனம். படிவ மாதிரிக்காகப் பதிவேட்டையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

வீட்டிலும் ஒழுங்கு வந்துவிட்டது. சாப்பாடு ஆறுவதில்லை. எட்டு மணிக்குத் தட்டு கழுவி முடித்துவிடுகிறோம். "இன்னிக்கு ஒரு லிஃப்டு, உள்ள ஆளே இல்ல, தானா எட்டாவது மாடிக்குப் போயி நின்னுச்சு" என்று அவர் ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தார். "ஏதாவது ஒயர் கோளாறா இருக்கும்பா" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். எட்டு வயதில் என்ன தெளிவு. அவர் அவளைக் குடைச்சல் என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அவளும் முதல் தடவையிலேயே வந்துவிடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் காலையில் கிளம்பிப் போய் மதியம்தான் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பழைய சாமான் கடைகள் நான்கு ஏறி இறங்கியதாகச் சொன்னார். பிரித்தார். வட்டக் கடிகாரம். விளிம்பில் பச்சைச் சொட்டு. நான்கு பத்து. ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கூடத்துச் சுவரில், அவள் படிக்கும் மேசைக்கு நேர் எதிரே மாட்டினார். மாட்டிவிட்டு இறங்காமல் ஸ்டூலின் மேலேயே நின்றார்.

அவள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குச் சமையலறையிலிருந்தே தெரிந்தது.

"பேட்டரி தீர்ந்திருக்கும்பா. மாத்திடுங்க" என்றாள். புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அவர் மெதுவாக இறங்கினார். சமையலறைக்கு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். கையிலிருந்த தூசியைத் தட்டக்கூட இல்லை. ரொம்ப நாட்களுக்கு முன் ஒரு லிஃப்டின் மேலிருந்து எட்டிப் பார்த்தபோது அவர் குரலில் இருந்த கேலி இப்போது இல்லை.

"நம்ம குடைச்சலு கேள்வி கேக்கறத எப்பம்மா நிறுத்துனா?" என்றார்.

பதினெட்டு வருடப் பணியில் நான் எந்தக் கேள்வியையும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. கடிகாரம் எந்த நாளில் நின்றது என்று ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்தும் சொல்ல முடியவில்லை. ஆனால் இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். கேடயத்துக்கு அடியிலிருந்த பதிவேட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. முடித்து வைத்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்து, ஓர் எழுத்துகூட சிதையாமல், மிகத் தெளிவாக இருந்தது.